கித்தானுக்குப் பின்னால் குந்தியிருந்த இரண்டு நாள்

சினிமாப் படத்தில் நானும் இருக்கிறேன் என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன. படத்தைப் பதுளையில் காட்டினார்கள். நான் பார்த்தேன், என் வீட்டுக்காரி பார்த்தாள். அதில் என் முகம் கிடையாது, கைகால் கிடையாது, ஆனாலும் நான் இருக்கிறேன். எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்கு வருகிறவர்கள் மாட்டுவண்டியிலோ குதிரைவண்டியிலோ வரவேண்டும். நான் ஸ்பிரிங்வெளிக்குப் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய துரைக்குக் குதிரைக்காரன். தோட்டத்தின் பேர் வேண்டாம். துரையும் செத்துப்போனார், அவரைப் பற்றி நான் சொல்லப்போவது அவருக்குப் பெருமை சேர்க்காது.

என்னுடைய கஷ்டம் எல்லாம் ஒரு கடுதாசியில் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போகவேண்டுமானால் துரை கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். அதைத் துண்டு என்போம். துண்டு இல்லாதவனை எந்தத் தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். வழியில் பிடிபட்டால் ஓடிப்போன ஆள் என்று போலீசில் கொடுத்துவிடுவார்கள். வேலி இல்லை, பூட்டு இல்லை, மலை முழுக்கத் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் அந்தச் சீட்டு இல்லாமல் நகர முடியாது.

எனக்கு அது எதற்கு வேண்டும் என்று கேளுங்கள். எங்கள் முதல் பிள்ளை லயத்தில், அதுதான் கூலியாட்கள் இருக்கிற வரிசை வீட்டில், காய்ச்சல் கண்டு இறந்தான். லயத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு காம்பிரா. அந்தப் பத்தடி அறையில்தான் பிறந்தான், அதே அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கவைத்திருந்தபோது போய்விட்டான். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது என் வீட்டுக்காரி வெலிமடைப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனாள். அவளுடைய அப்பா அங்கே ஒரு தோட்டத்தில் கங்காணி. பெண்பிள்ளை பிறந்தது. தீட்டுக் கழித்து, தொண்ணூறு நாள் முடிந்து, கூட்டிவரப் போனேன். அவள் பெட்டியைக் கட்டவில்லை.

“அந்தக் காம்பிராவுக்கு நான் திரும்ப வரமாட்டேங்க. இந்தப் புள்ளையையும் அங்க கொண்டாந்து போட என்னால ஆகாது. நீங்க துண்டு வாங்கிட்டு இங்க வந்துருங்க. அப்பா அவங்க தொரைகிட்ட சொல்லி வச்சிருக்காரு, குதிரை லாயத்துல வேலை இருக்கு.”

நான் கோபக்காரன். அன்றைக்கும் கத்தினேன். ஆனால் அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்து, தோட்டத்துக்கு வந்த மறுநாளே துரையிடம் போய்த் துண்டு கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நல்ல குதிரைக்காரன் நீ. துண்டு இல்லை. போ.”

தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. நல்ல வேலைக்காரனுக்குத் துண்டு கிடைக்காது. திருட்டு, அடிதடி என்று குற்றம் செய்தவனுக்கும் கிடைக்காது, ஜெயில்தான் கிடைக்கும். நடுவில் ஒரு சாதி உண்டு. மந்தன், தூங்குமூஞ்சி, ஒன்றுக்கும் உதவாதவன். அவனைத்தான் தொலைந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். ஆகவே நான் மந்தனாகப் போனேன். சேணத்தைக் கோணலாகப் போட்டேன். “தண்ணி கொண்டா” என்றால் புல்லைக் கொண்டுபோனேன். கூப்பிட்டால் இரண்டாவது தரத்துக்குத்தான் திரும்பினேன். ஆறு மாதம்! நன்றாகத் தெரிந்த வேலையைத் தெரியாதவன் மாதிரி செய்வது சாமானிய வேலையா? செய்து பாருங்கள், தெரியும்.

இதில் ஒரே ஒரு சிக்கல், அந்தப் பெண்குதிரை. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த சிவப்புக் குதிரை, நல்ல உயரம். துரை அவள்மேல் போகும்போது ஒருநாள் ஓடைப்பாலத்தின் பலகை முறிந்து, அவளுடைய பின்னங்கால் இடுக்கில் மாட்டிக்கொண்டது. கால் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. முதுகில் ஆள் கனம் ஏறினால் போதும், முன்னங்காலைத் தூக்கிவிடுவாள். துரை இரண்டு தரம் விழுந்தார். “மூணாவது தரம் விழுந்தா துப்பாக்கி” என்று ஊரறியச் சொல்லியிருந்தார்.

ஆனால் என்னிடம் அவள் அப்படி இல்லை. நான் பேசிக்கொண்டே இருந்தால் நிற்பாள். வேறு மந்திரம் ஒன்றும் கிடையாது. “ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல. அந்தா பாரு புல்லு. ஒண்ணுமில்ல” என்று, காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குச் சொன்ன அதே சொல்லைத்தான் இவளுக்கும் சொன்னேன். சொல்லிக்கொண்டே முதுகில் ஏறி ஓடை வரைக்கும் போய்வருவேன். துரையின் பூட்ஸ் சத்தம் கேட்டால் வாயை மூடிக்கொண்டு, இறங்கி, தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன். இது அவருக்குத் தெரிந்தால் என் கதை முடிந்தது. லயத்துச் சுவரோடு சேர்த்து என்னையும் பூசிவிடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் பதுளைக்கு அந்த வித்தைக் கூட்டம் வந்தது. முரட்டுக் குதிரையை ஒரு மணி நேரத்தில் பழக்கிக் காட்டுகிற வெள்ளைக்காரர் ஒருவர். ஊர் ஊராகப் போய்த் துரைமார்களுக்குச் செய்துகாட்டுவது அவர் தொழில். இந்தத் தரம் அதைப் படமாகப் பிடிக்கச் சென்னப்பட்டணத்திலிருந்து ஒரு தமிழரையும் கூட்டிவந்திருந்தார். மூன்று கால் தாங்கியின்மேல் ஒரு மரப்பெட்டி, பக்கத்தில் ஒரு கைப்பிடி, அதைச் சுற்றச் சுற்றப் படம் உள்ளே பதியுமாம். நான் அவர்களை வித்தைத் துரை என்றும் படக்காரர் என்றும் சொல்லிக்கொள்கிறேன். பேர்கள் உங்களுக்கு எதற்கு?

வித்தைத் துரை கூட்டத்துக்கு முன்னால் செய்துகாட்டியது அவரே கொண்டுவந்த குதிரையை வைத்து. அது நூறு தரம் முரடாக நடித்துப் பழகிய கிழக்குதிரை. படத்துக்கு நிஜமான முரட்டுக் குதிரை வேண்டும் என்று கேட்டார். எங்கள் துரை உடனே எங்கள் குதிரையைத் தருவதாகச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“நீ குதிரையைக் கொண்டு போ. மூணு நாள் அங்க இரு. அந்தத் துரை இதைச் சரியாக்கினால், நீ வேண்டாம். உனக்குத் துண்டு தாறேன். நீ ஒரு கழுதை, தெரியுமா?”

“தெரியுங்க தொரை” என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாருடைய திட்டையும் வாங்கிக்கொண்டதில்லை.

பதுளையில் பந்தய மைதானத்துக்குப் பக்கத்தில் பழைய கல் லாயம் ஒன்று இருந்தது. அதன் முன்னால் கழி நட்டுச் சுற்றிலும் வெள்ளைக் கித்தான் துணி கட்டி ஒரு களம் செய்திருந்தார்கள். காலையில் பனி விலகுகிற வரைக்கும் ஒன்றும் பிடிக்க முடியாது. மத்தியானம் தாண்டினால் மழை இருட்டு. நடுவில் இருக்கிற வெயிலுக்குள் எல்லாம் நடக்கவேண்டும். முதல் நாள் வித்தைத் துரை களத்தில் இறங்கினார். கயிற்றைக் காட்டினார், கையைத் தூக்கினார், கண்ணை உருட்டினார். எங்கள் குதிரை அவரைக் கித்தானோடு சேர்த்து நெருக்கியதில் தொப்பி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். மூன்று தரம் முயன்றார். படக்காரர் கைப்பிடியை விட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“போச்சு! இவர் ஓடறதைத்தான் மூணு தடவையும் பிடிச்சு வச்சிருக்கேன்!”

அவள் பழகவில்லை என்றால் துண்டு இல்லை. குதிரையை லாயத்துக்குள் கொண்டுபோய்க் கட்டினேன். வேர்த்து நடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாருமில்லை என்று நினைத்து, அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தேன். நடுக்கம் நின்றது. சேணத்தைப் போட்டேன், ஏறினேன், லாயத்துக்குள்ளேயே ஒரு சுற்று வந்தேன்.

சேண அறையின் சன்னலைக் கம்பளியால் அடைத்துவிட்டு, அந்த இருட்டில்தான் படக்காரர் பெட்டிக்குள் சுருள் மாற்றுவார். அவர் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது. கதவைத் திறந்து எட்டிப்பார்த்தவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“அடப்பாவி! நீயா? ஊரையே ஏமாத்திக்கிட்டு இருக்கியா?”

இறங்கி அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு, காம்பிரா, வெலிமடையில் ஒன்பது மாதப் பிள்ளை, எல்லாம். “ஐயா, தொரைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் கெட்டிக்காரன்னு தெரிஞ்சா எனக்குத் துண்டே கெடையாதுங்க.”

அவர் வெற்றிலையை ஒரு ஓரமாகத் துப்பினார். பிறகு சிரித்தார். “என் பெட்டிக்குக் கண்ணுதான்யா உண்டு, காது கிடையாது. நீ கித்தானுக்குப் பின்னால உட்கார்ந்து பேசு. அவர் முன்னால கையைத் தூக்கட்டும். குதிரை நின்னா போதும். எனக்குப் படம், அவருக்குப் பேர், உனக்குத் துண்டு.”

அவர்தான் இங்கிலீஷில் வித்தைத் துரையிடம் பேசினார். வித்தைத் துரை என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார், தலையாட்டினார், அதற்குப் பிறகு நான் ஒருவன் இருப்பதையே மறந்துவிட்டார்.

கித்தானுக்கும் லாயத்தின் கல்சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. மறுநாள் விடியலிலேயே அதற்குள் நுழைந்து குந்திக்கொண்டேன். திரும்ப முடியாது, காலை நீட்ட முடியாது. முதுகில் ஈரக்கல், மூக்குக்கு முன்னால் கித்தான். எட்டுமணி, ஒன்பதுமணி வரைக்கும் பனி விலகவில்லை. தொடையில் அட்டை ஏறுவது தெரிகிறது, எடுக்கக் கை போகாது. இருமல் வந்தால் முண்டாசு நுனியை வாயில் திணித்துக்கொண்டேன். ஒருதரம் எனக்கு மூச்சு முட்டி, கித்தானைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்துவிடலாமா என்றுகூட வந்துவிட்டது. துண்டு, துண்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வெயில் வந்ததும் படக்காரர் “ம்!” என்று ஒரு சத்தம் கொடுத்தார். கைப்பிடி சுற்றுகிற கரகரப்புக் கேட்டது. நான் பேசினேன். “ஒண்ணுமில்ல தாயி. அவன் கெடக்கான், கிறுக்குப்பய. நீ நில்லு, ஒண்ணுமில்ல.” குளம்புச் சத்தம் மெதுவாகி நின்றது. வித்தைத் துரை கழுத்தைத் தொட்டார், நின்றாள். சேணம் போட்டார், நின்றாள். ஏறினார், நான் தொண்டை வறளப் பேசினேன், நின்றாள். களத்தை மூன்று சுற்று வந்தார்கள். நாலாவது சுற்றில் அந்த மனிதர் எல்லாம் தம்முடைய கையால்தான் நடக்கிறது என்று நம்பவே ஆரம்பித்துவிட்டார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே “உஷ்!” என்று என்னை அதட்டினாரே பார்க்கலாம்.

சாயங்காலம் எங்கள் துரைக்குச் செய்தி போனது. குதிரை பழகிவிட்டது, நாளைக்கு வந்து பாருங்கள் என்று. நான் அன்றைக்கு லாயத்தில் வைக்கோலில் படுத்துக்கொண்டு, வெலிமடைக்கு எந்த வழியாகப் போவது என்று கணக்குப்போட்டேன். குதிரையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனோ அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பனிக்குள்ளேயே துரை வந்துவிட்டார். லாயத்து வாசலில் என்னைப் பார்த்ததும் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

“உன் துண்டு. எழுதியாச்சு. மத்தியானம் வா, வாங்கு. இப்போ போ, புல் வெட்டு.”

கையெழுத்தைப் பார்த்தேன். நீல மையில் இரண்டு வளைவு, கீழே ஒரு கோடு. கும்பிட்டுவிட்டுப் புல்லுக்குப் போகிறவன் மாதிரி நடந்து, லாயத்தைச் சுற்றிவந்து, கல்லுக்கும் கித்தானுக்கும் நடுவில் புகுந்துகொண்டேன். வித்தைத் துரை ஒரு தரம் ஓட்டிக்காட்டினால் போதும், நான் மெதுவாகப் பேசினால் தூரத்தில் நிற்கிற துரைக்குக் கேட்காது என்பதுதான் ஏற்பாடு. அப்படித்தான் நடந்தது. இரண்டு சுற்று வந்து இறங்கினார். துரை கைதட்டினார். முடிந்தது என்று நான் கண்ணை மூடி மூச்சுவிட்டேன்.

அப்போது துரையின் குரல் கேட்டது. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் பூட்ஸ் சத்தம் குதிரையை நோக்கி நடந்தது தெரிந்தது. படக்காரர் வேண்டுமென்றே தமிழில், எனக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார்: “ஐயையோ, துரையே ஏறப்போறாராமே! படத்துல தானும் இருக்கணுமாம்!”

என் தலையில் இடி விழுந்தது. எங்கள் துரைக்குத் தமிழ் தெரியும். என் குரல் நன்றாகத் தெரியும். அவர் குதிரை முதுகில் உட்கார்ந்திருக்கும்போது நான் பேசினால் நாலு அடி தூரத்தில் காதில் விழும். பேசாமலிருந்தால் அவர் விழுவார். விழுந்தால் எனக்கென்ன? பழகாத குதிரை, உதவாத குதிரைக்காரன். எழுதின துண்டு எழுதினதுதான். அவளைச் சுடுவார், குதிரை போனபிறகு குதிரைக்காரன் எதற்கு என்று என்னை விரட்டுவார். மத்தியானம் நான் வெலிமடை ரோட்டில் நடந்துகொண்டிருப்பேன்.

முண்டாசு நுனியை மறுபடி வாயில் திணித்துக்கொண்டேன். சேணத்தில் கனம் ஏறுகிற கிறீச் சத்தம் கேட்டது. உடனே அவள் மூச்சு மாறியது. எனக்குத் தெரிந்த மூச்சு அது. குளம்பு இரண்டு தரம் மண்ணைப் பறித்தது. துரை கடிவாளத்தை இழுத்து என்னவோ அதட்டினார். அவள் கித்தான் பக்கம், நேராக என் பக்கம், பின்வாங்கி வந்தாள். என்னைத் தேடித்தான் வந்தாள். நடுங்குகிற அவளுடைய பின்தொடை கித்தானோடு சேர்ந்து என் நெற்றியில் பட்டது.

வாய் தானாகப் பேசிவிட்டது என்று பின்னால் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். வாயிலிருந்த துணியைக் கையால் எடுத்தேன். பெண்பிள்ளையை நினைத்தேன். துரையின் பையிலிருக்கிற கடுதாசியை நினைத்தேன். எல்லாவற்றையும் நினைத்துவிட்டுத்தான் பேசினேன்.

“ஒண்ணுமில்ல தாயி. நான் இங்கதான் இருக்கேன். ஒண்ணுமில்ல.”

நின்றாள். நீளமாக ஒரு மூச்சுவிட்டாள். பெட்டி கரகரவென்று சுற்றிக்கொண்டே இருந்தது. துரையின் காதில் விழாமல் இல்லை. அவர் கெட்டிக்காரர், படம் முடியட்டும் என்று இருந்தார். நான் இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று உரக்கவே பேசினேன். அவள் அவரைச் சுமந்துகொண்டு களத்தை இரண்டு சுற்று அழகாக வந்து நின்றாள்.

இறங்கினார். பிரம்பால் கித்தானைத் தூக்கினார். அட்டை கடித்த ரத்தம் காலில் வழிய நான் குந்தியிருந்தேன். எழுந்திருக்கக்கூட இடமில்லை.

“ஆறு மாசம் நீ கழுதையா?”

அவர் சிரித்தார். கோபத்தில் அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தக் காகிதத்தை எடுத்தார், கிழிக்கவில்லை, நாலாக மடித்து மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார். என் தோளைத் தட்டினார்.

“கெட்டிக்காரன். குதிரை இருக்கும் வரைக்கும் நீ இருக்கும். சரிதானே?”

“ஆமாங்க தொரை” என்றேன். வேறு என்ன சொல்ல?

சேதி வெலிமடைக்குப் போனது. மரக்கறி வண்டிக்காரன் வழியாக அவள் பதில் சொல்லியனுப்பினாள்: “குதிரைக்குப் பேசின வாயி எங்களுக்காக மூடிக்கிட்டு இருக்கக்கூடாதா?” நேரில் போய்ச் சமாதானம் சொல்லவும் வழியில்லை. குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, காலையும் மாலையும் தீனி வேண்டும், துரை ஏறும்போதெல்லாம் நான் பக்கத்தில் பேசிக்கொண்டே ஓடவேண்டும். இரண்டரை வருஷத்தில் என் பெண்ணை மூன்று தரம்தான் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் என்னைக் கண்டு அழுது ஆத்தாளின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள்.

அந்தப் படம் பிறகு பதுளைக்கே வந்தது. மைதானத்தில் கூடாரம் போட்டுச் சாயங்கால ஆட்டம். தம்மை எல்லோரும் பார்க்கவேண்டும் என்று துரை எனக்கும் லீவு கொடுத்தார். நான் சொல்லியனுப்ப, மரக்கறி வண்டியில் ஏறி அவளும் பிள்ளையும் வந்தார்கள். தரையில் உட்கார்ந்தோம். “இதுதான்டி ஒங்கப்பா, போயி பக்கத்துல ஒக்காரு” என்று அவள் தள்ளிவிட, பிள்ளை நம்பாமல் எனக்கும் அவளுக்கும் நடுவில், என்னை விட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் குதிரை வந்தாள். வித்தைத் துரை கையைத் தூக்கினார், ஜனங்கள் ஆ என்றார்கள். பிறகு எங்கள் துரை ஏறினார், முன்வரிசை துரைமார்கள் கைதட்டினார்கள். நான் திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பின்வாங்கி வருகிற அந்த இடம். கித்தானில் தலையளவுக்கு ஒரு புடைப்பு தெரிந்தது. மெல்ல உள்ளே போனது, மறுபடி வெளியே வந்தது. அது என் மூச்சு.

“அதுதான் நான்” என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். கோபம் என்று நினைத்தேன், பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குனிந்து பிள்ளையின் காதில் சொன்னாள்: “அந்தத் துணி அசையுது பாரு, அதுக்குப் பின்னாலதான்டி ஒங்கப்பா இருக்காரு.”

பிள்ளை கண்கொட்டாமல் பார்த்தாள். குதிரை சுற்றி முடித்து நின்றது. துரை இறங்கினார். திரையோரத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். பிள்ளை திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் என் கையைப் பிடித்து இழுத்தாள். அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தரம்.

“மாமா, எங்கப்பா எப்ப வெளிய வருவாரு?”

“துண்டு கெடச்சதும் வந்துருவாரும்மா” என்றேன்.